ரசத்தில் கலந்த மாத்திரை

மரப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மதில்சுவரில் அந்த விளம்பரத்தை எழுதியிருந்தார்கள். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். வாசனை இருக்காது, ருசி மாறாது. அடியில் ஒரு செல்போன் எண். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து எங்கே கிளம்பினாலும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா எத்தனை மாதம் அதை வாசித்தபடி போய்வந்தாளோ தெரியாது. அந்த எண்ணுக்குப் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் தெருவில் ஒரு அக்கா, “அதெல்லாம் வேணாம், மெடிக்கல்லயே கிடைக்குது” என்று ஒரு அட்டை மாத்திரையை வாங்கிவந்து கொடுத்துவிட்டாள். டாக்டர் சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்கவில்லையாம்.

அது 2013 ஆகஸ்ட். நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அம்மா தினம் ஒரு மாத்திரையை நுணுக்கி அப்பாவின் பங்கு ரசத்தில் போட்டாள். எனக்கும் தெரியும். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரசத்தைத் தனியாக எடுத்துவைத்த சின்னக் கிண்ணம் எது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, தப்பித்தவறி நான் ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை அப்பாவை இரண்டு பேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகமும் கழுத்தும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன. வாந்தி நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “அடிக்குது பாப்பா, வெளிய வந்துரும்போல அடிக்குது” என்றார். இறங்க விடாமல் அதே ஆட்டோவில் அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பணியிலிருந்த இளம் டாக்டர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் சொன்னேன். டாக்டர் ஒரு நிமிஷம் எங்கள் இருவரையும் பார்த்தார். “கொன்னுருப்பீங்கம்மா” என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

பிழைத்து வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, கத்தவில்லை. வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலையில் தெருமுனைக் கடையில் இட்லி, மத்தியானம் எங்கேயோ பொட்டலம். தண்ணீரைக்கூடக் குழாயில் அவரே பிடித்துக் குடித்தார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. அவர் குடித்துவிட்டுப் போட்ட சண்டைகள் எதுவும் அம்மாவை அந்த அளவுக்கு உடைத்ததில்லை. அந்த நாட்களில் அவள் வீட்டில் ரசமே வைக்கவில்லை.

அப்பா ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவுக்காரர். 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸுக்கு அவர் தலைமுறையினர் வைத்திருந்த பெயர் அது. 1936 ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் இறந்த 12 மில் தொழிலாளிகளின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இந்த ஊர் மில்களில் எட்டு மணி நேர வேலை வந்தது. ஜூலை 30 அன்று மட்டும் இருட்டும் வரை அவர் குடிக்க மாட்டார். மற்ற நாட்களில் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதினால் கடை. 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் மில்லையும் விட்டுவைக்கவில்லை. பிறகு லே-ஆஃப், பாதிச் சம்பளம். கடைக்குப் போக ஷிப்ட் முடிய வேண்டும் என்ற ஒரே கட்டுப்பாடும் அதோடு போயிற்று.

புதுச்சேரியில் குடிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்தபோது இது பிரெஞ்சுக்காரன் ஊர்; சாவடியைத் தாண்டி இங்கே வந்து குடித்துவிட்டுப் போன கடலூர், விழுப்புரத்துக்காரர்களைப் பற்றித் தாத்தா சொல்வார். தமிழ்நாட்டில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் மறைந்து எத்தனையோ வருடமாகிவிட்டன. இங்கே இரண்டும் ஏலம் போகின்றன. சாராயம் காய்ச்ச ஆரியபாளையத்தில் அரசாங்கத்துக்கே வடிசாலை இருக்கிறது. கலால் வரி இந்த ஊர் கஜானாவின் பெரிய தூண்களில் ஒன்று. நான் பிறகு அரசுப் பள்ளியில் ஆசிரியையானேன். மாதச் சம்பளம் வங்கியில் விழும்போது, இதில் அப்பா கட்டிய பங்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாமா ஒரு யோசனை சொன்னார். “ஹோம்ல போட்டுடலாம். போன் பண்ணா போதும், வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. மூணு மாசம் வெளிய விட மாட்டாங்க.” ஒரு முறை ரசத்தில் ஏமாற்றியாகிவிட்டது. இனி கையைக் காலைக் கட்டுவதா என்று அம்மா மறுத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அவள் எடுத்த முடிவுகளிலேயே சரியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வரவைத்தது அவருடைய கை. பாதிச் சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடப் போன நாளில் பேனா நிற்கவில்லை. கோடு எங்கேயோ ஓடியது. பின்னால் வரிசையில் நின்றவன் சிரித்திருக்கிறான். வெளியே போய் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்தார். கை நின்றுவிட்டது. கையெழுத்து முத்துமுத்தாக விழுந்தது. அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “பாப்பா, குடிச்சாதான் கை நிக்குது. இது இன்னா கதை? கோரிமேட்டுக்குப் போலாமா?”

கோரிமேடு என்றால் ஜிப்மர். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. 1964இல் இப்போதைய பெயர் பெற்றது. காலை வெளிச்சம் வருவதற்குள் அங்கே திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிடும். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். “நான் இன்னா பைத்தியமா?” பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், “நாங்களும் அப்படித்தான் கேட்டோம், உக்காருங்க” என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

உள்ளே டாக்டர் முதலில், “ரெண்டு கையையும் நீட்டுங்க ஐயா” என்றார். விரல்கள் ஆடின. அடுத்துப் பத்துக் கேள்விகள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியவை, உலகம் முழுக்க இவற்றைத்தான் கேட்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, முந்தைய இரவு நடந்தது மறந்துபோயிருக்கிறதா. அப்பா எல்லாவற்றுக்கும் குறைத்தே பதில் சொன்னார். “ஒரு குவார்ட்டர். எப்பவாச்சும்.” பத்தாவது கேள்வி, உங்கள் குடியைப் பற்றி வீட்டில் யாராவது கவலைப்பட்டிருக்கிறார்களா என்பது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மாத்திரையே போட்டாங்க சார்” என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினார்: முதல் நாள் காலை இத்தனை, மத்தியானம் இத்தனை, இரவு இத்தனை, அடுத்த நாள் ஒன்று குறைவு, அதற்கடுத்த நாள் இன்னும் குறைவு. குளோர்டயசெபாக்சைடு என்று மாத்திரையின் பெயர். பல வருடமாகச் சாராயம் அமுக்கிவைத்திருந்த மூளை, அது திடீரென்று விலகியதும் துள்ளிக் குதிக்கும். அந்தத் துள்ளலை இந்த மாத்திரை அடக்கும். ஆனால் இதுவும் பழக்கமாகிவிடக் கூடியது, அதனால் படிப்படியாக இறக்கிச் சில நாளில் நிறுத்திவிட வேண்டும். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றியிருக்கும். வற்றினால் நினைவே தவறிப்போகலாம். குடியை நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இல்லாதது தெரியும், கேட்கும். வலிப்போ குழப்பமோ வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். இதை அவர் என்னிடம் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அந்தக் கட்டம் போட்ட தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். முதல் இரண்டு இரவும் வியர்வையும் புரளலுமாகக் கழிந்தன. மூன்றாம் இரவு இரண்டு மணி இருக்கும். அப்பா எழுந்து சட்டையைத் தேடினார். “சங்கு ஊதிட்டான். லேட்டாயிடும். டிபன் கட்டு.” மில் சங்கு ஓய்ந்து மாதக்கணக்காகியிருந்தது. அம்மா, “எங்கங்க ஊதுது?” என்றாள். “காது செவிடா உனக்கு?” என்று அதட்டினார். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஆட்டோக்காரரை எழுப்பினோம். சில நாட்கள் உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தபடி குடியை நிறுத்துவது எல்லாருக்கும் ஆகாது. ஆகாதபோது உள்ளே போவதற்கு ஒரு கதவு திறந்திருந்தால்தான் வெளிநோயாளிச் சிகிச்சை என்பதற்கே அர்த்தம் உண்டு.

அதன் பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. மரப்பாலம், நூறடி ரோடு, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை, கோரிமேடு. போகிற வழியில் இருக்கும் மதுக்கடைகளை அப்பா ஒரு பக்கம் எண்ணுவார், நான் மறுபக்கம். ஒரு முறைகூடக் கணக்கு ஒத்துப்போனதில்லை. படுக்கையில் சேர்த்து வைத்தியம் பார்த்தால் இந்தக் கடைகள் கண்ணில் படாது. நாங்களோ மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அவற்றைக் கடக்க வேண்டியிருந்தது. திரும்பும்போதுதான் அவர் பேச்சு அதிகமாகும். கடை நெருங்க நெருங்க மில் கதை வேகமெடுக்கும்; தாண்டியதும் பாதியில் நின்றுவிடும்.

போகிற நாளெல்லாம் ஒரே டாக்டரைப் பார்ப்பதில்லை. புதியவர் பழைய கணக்கைக் கேட்பார். “முன்னாடி எவ்ளோ குடிச்சீங்க?” முதல் தடவை ஒரு குவார்ட்டராக இருந்தது அடுத்த தடவை குவார்ட்டரும் ஞாயிற்றுக்கிழமை ஆஃபும் ஆனது. நாலாவது தடவை, காலையில் சாராயக்கடை, மாலையில் பிராந்தி, இரவில் அம்மாவின் மோதிரம் என்று உண்மை முழுதாக வெளியே வந்தது. அந்த மோதிரத்தைத் திருடியது வேலைக்காரப் பெண் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளிடம் மன்னிப்புக் கேட்க அம்மா வில்லியனூர் வரை போய்வந்தாள்.

குடியை விட்டுச் சில வாரங்கள் ஆனதும் ஈரலுக்கும் இதயத்துக்கும் சோதனைகள் எடுத்தார்கள். முடிவுகளைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டைசல்ஃபிராம். பெயரைக் கேட்டதும் என் வயிறு சுருண்டது. அட்டையில் வாசித்த அதே பெயர். ரசத்தில் கலந்த அதே மாத்திரை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உள்ளே போகும் சாராயத்தை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. இரண்டாம் படியில் அது கரைகிறது. இந்த மாத்திரை இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. அதனால் குடித்தால் நஞ்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவப்பது, நெஞ்சு அடிப்பது, அழுத்தம் சரிவது எல்லாம் அதனால்தான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இதை யார் சார் கண்டுபுடிச்சாங்க?” என்றார். டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அமெரிக்காவில் ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் இந்த வகை ரசாயனத்தோடு வேலை பார்த்தவர்கள் குடித்தால் உடம்புக்கு ஆகாமல் போனதை அங்கிருந்த மருத்துவர் 1937இல் எழுதினார். பத்து வருடம் கழித்து, கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் இதைக் குடற்பூச்சி மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு குடித்தபோது அவதிப்பட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். அப்பாவுக்குக் கோபன்ஹேகன் மனதில் நிற்கவில்லை. “மொதல்ல கண்டது மில்லுக்காரன்தான்” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாத்திரையை எழுதித் தருவதற்கு முன் டாக்டர் கேட்டார்: “இது தெரிஞ்சு, உங்க சம்மதத்தோட மட்டும்தான் குடுப்போம். யோசிச்சுச் சொல்லுங்க.” அப்பா யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். கை நின்றது. இருமல் மருந்தில், முகச்சவர லோஷனில்கூடச் சாராயம் இருக்கலாம், ஜாக்கிரதை என்றார்கள். தினம் காலையில் வீட்டில் ஒருவர் எதிரே நின்று எடுத்துக் கொடுத்தால் நல்லது என்றார்கள். அம்மா அட்டையைத் தொட மறுத்தாள். நாலு நாள் நான் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். “இந்தா, நீ குடு. ரசத்துல வேணாம், கையில குடு.” அவள் அழுதுகொண்டே கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உறவில் ஒரு கல்யாணம் வந்தது. நிறுத்திய பிறகும் அந்த மாத்திரையின் வேகம் இரண்டு வாரம்வரை உடம்பில் நிற்கும் என்பதை அப்பா கேட்டுவைத்திருக்கிறார். நாள் கணக்குப் போட்டு, அதற்கு முன்பிருந்தே மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துத் துப்பியிருக்கிறார். கல்யாண வீட்டில் விழுந்து கிடந்தார். அடுத்த தேதிக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். எந்த மூஞ்சியோடு போவது? இழுத்துக்கொண்டுதான் போனேன். சமூகப் பணியாளர் அக்கா நோட்டைப் புரட்டினார். “எத்தனை நாள் குடிக்காம இருந்தீங்க?” அப்பா முணுமுணுத்தார்: “நூத்தி நாப்பத்தி மூணு.” அக்கா அதை எழுதி வட்டம் போட்டார். “சர்க்கரைக்காரங்க ஒரு நாள் ஜாங்கிரி சாப்பிட்டா வைத்தியத்தை விட்டுருவாங்களா? அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க.” அவ்வளவுதான். அப்பா வெளியே வந்து வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகு இரண்டு முறை தவறியிருக்கிறார். மூன்று முறையும் அவர் திரும்பிப் போனார்.

2019இல் எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்திய ஆய்வின் முடிவுகள் வந்தன. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது அது. செய்தியை வாசித்துக் காட்டினேன். அந்தப் பெஞ்சில் இடம் கிடைக்காமல் எத்தனையோ காலை நின்றிருந்தவர் அப்பா. “அப்ப மிச்சப் பேர் வந்தா எங்க உக்காருவாங்க?” என்றார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் எல்லாம் ஒரே நாளில் மூடின. மதுவிலக்கு மேடைகளில் கைதட்டியவர்கள் அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாவது நாள் ஒருவருக்கு வலிப்பு. இன்னொருவர் சுவரில் பூச்சி ஓடுகிறது என்று அடித்துக்கொண்டிருந்தார். கேரளத்தில் டாக்டர் சீட்டுக்கு மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டதும், உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் அந்த நாட்களில்தான். அப்பா முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பழைய மில் கூட்டாளிகளின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஒருவரிடம் குனிந்து, “சங்கு கேக்குதா?” என்று கேட்டதை நான் பார்த்தேன். அவர் தலையாட்டினார். 108க்கு அப்பாவே போன் போட்டார். மாத்திரையை விட்டு வருடக்கணக்காகியும் அப்பா சானிடைசரைத் தொட மாட்டார், சோப்புதான்.

அந்த ஏப்ரலோடு மில்லையும் மூடிவிட்டார்கள். மே 25 அன்று மதுக்கடைகள் திறந்தன. 108இல் ஏற்றிவிட்ட அந்தக் கூட்டாளி முதல் நாளே வரிசையில் நின்றார். அப்பா அவரைத் திட்டவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கோரிமேட்டுக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டு வந்தார்.

அப்பா 2022இல் மாரடைப்பில் போனார். கடைசி நாலு வருடம் குடிக்கவில்லை. அவருடைய ஓ.பி. நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

மரப்பாலத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். ஆனால் அதே வாசகத்தை இப்போது செல்போனில் பார்க்கிறேன், வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்களாம். உங்கள் வீட்டில் யாராவது அந்த எண்ணை எழுதிவைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். பல வருடம் குடித்தவரைத் திடீரென்று தனியாக நிறுத்தவும் சொல்லாதீர்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் டாக்டரிடம் பேசுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச உதவி எண் அது.